மாப்பிள்ளைக்கு ஒரு குளம்

தண்ணீர் ஓரிடத்தில் நிற்பது குற்றம் என்று சட்டம் வந்தபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொசு ஒழிந்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டார்கள். தேக்கத் தடுப்புத் துறை என்று ஒரு துறை பிறந்தது. அதற்கு ஒரு கட்டடம், ஒரு இயக்குநர், கருநீலச் சீருடை, ஆளுக்கொரு மரத் துடுப்பு. துடுப்பு எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கு, தேங்கிய நீரைக் கலக்கிவிட என்று பதில் சொன்னார்கள். பிற்பாடு கேட்டவர்களுக்குத் துடுப்பாலேயே பதில் சொன்னார்கள். அதன்பின் யாரும் கேட்கவில்லை. துறையின் ஆண்டறிக்கை இதைப் பொதுமக்களின் திருப்தி என்று குறிப்பிடுகிறது.

கடைத்தெருவின் கோடியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு மனிதர் இருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் பல்சக்கரங்களைப் பிடித்து வைத்து, நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பது அவர் தொழில். அப்படிப்பட்டவருக்கு இந்தத் துறையோடு சகவாசம் ஏற்படக் காரணம் அவருடைய மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவன் அல்ல. கடிகாரக்காரருக்குப் பிள்ளைகள் கிடையாது. மாப்பிள்ளை ஒரு கெண்டை மீன்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி கட்டைவிரல் நீளத்தில் வாங்கிவந்த உருப்படி அது. வேளா வேளைக்குச் சாப்பிட்டது, ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தது. மாப்பிள்ளை என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஜாடியிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து குளியல் தொட்டிக்கும் இடம் மாறி, இப்போது முழங்கை நீளத்துக்குக் கொழுத்துக் கிடந்தது. புருஷனும் பெண்சாதியும் வாளியில் பிடித்துக் குளித்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் இதெல்லாம் சகஜம்தான்.

வெயில் காலம் தொடங்கியதும் மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மனைவி பயந்துபோய் மீன் கடைக்காரம்மாவைக் கூட்டி வந்தாள்.

“ஏதோ பேச வருதுன்னு நினைச்சோம்,” என்றாள்.

“பேசலம்மா, சாகுது,” என்றார் கடைக்காரம்மா. “தண்ணி நின்னுபோச்சு. நின்ன தண்ணியில மூச்சு ஏது? தோட்டத்துல ஒரு குளம் வெட்டுங்க. வட்டமா வெட்டுங்க. ஆழமான ஓரத்துல பம்பு, எதிர் ஓரத்துல பைப்பு. பைப்பை நேரா விடாதீங்க, சுவரோரமா சாய்ச்சு விடுங்க. தண்ணி தானா சுத்தி வந்துடும். மூலை மட்டும் வைக்காதீங்க. மூலைக்குப் போன தண்ணி திரும்பி வராது. செத்த மூலைன்னு சொல்லுவோம். மொதல்ல குப்பை சேரும், அப்புறம் மீன் சாகும்.”

“குளம் வர்ற வரைக்கும் என்ன பண்றது?”

“கையால கலக்குங்க. நிறுத்தாம.”

அன்றிலிருந்து இருவரும் முறை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மரக் கரண்டியால் தொட்டியைக் கலக்கினார்கள். அவர் கடைக்குப் போனால் அவள் கலக்கினாள். அவள் சமைத்தால் அவர் கலக்கினார். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருந்தார். கலக்கினால் மாப்பிள்ளை கீழே போய் நிம்மதியாக இருந்தது. நிறுத்தினால் வாயைப் பிளந்தது. அவளுக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்தது. ஆனாலும் அது மேலே வராமல் இருக்கும் ஒவ்வொரு பொழுதும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. “சீக்கிரம் குளத்துக்கு வழி பண்ணுங்க. என் கை விட்டுப் போச்சுன்னா மாப்பிள்ளையும் போச்சு,” என்றாள்.

வாளிக்கு மேல் புதிதாக எங்கே தண்ணீர் பிடித்து வைத்தாலும் துறையின் அனுமதி வேண்டும். கடிகாரக்காரர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, பம்பு, பைப் எல்லாம் குறித்துக்கொண்டு துறைக்குக் கிளம்பினார்.

கட்டடத்தின் முன்னால் ஒரு குளம் இருந்தது. துறையின் மாதிரிக் குளம். பளிங்குப் படி, வெண்கலக் குழாய், சுற்றிலும் ரிப்பன். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் இன்னும் வராததால் பம்பைப் போடவில்லை. தண்ணீர் பச்சை நிறத்தில் தடித்துக் கிடந்தது. கொசு ரீங்காரம் தெரு வரைக்கும் கேட்டது. இதென்ன இப்படி என்று கடிகாரக்காரர் நின்று பார்த்தார். முதுகில் ஓர் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்குள் திரும்பிவிட்டதால் அது காதில் விழுந்தது.

“இங்க நிக்கக் கூடாது,” என்றார் காவலாளி, துடுப்பைத் துடைத்தபடி. “தேங்குனா தொழிலே போச்சு எங்களுக்கு. நடங்க சார், நடங்க.”

உள்ளே ஒரு பெரிய கூடம். அதில் மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். நாற்காலி கிடையாது. எழுத்தர்களின் நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்தது. பியூன்கள் அவர்களைத் தள்ளிக்கொண்டே திரிந்தார்கள். செருப்பு அறுந்து குனிந்த ஒரு பெண்மணியின் இடுப்பில் துடுப்பு இறங்கியதைக் கடிகாரக்காரர் கண்ணால் பார்த்தார். அவள் முனகிக்கொண்டே ஒற்றைச் செருப்போடு நடந்தாள்.

“புதுசா?” என்றார் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர். மாவு படிந்த சட்டை, ரொட்டி சுடுபவராம். தோளெலும்பு முறிந்து கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். “பாத்திரம் கழுவ ஒரு தொட்டி வேணும்னு வந்தேன். இருமுனா கூட நடந்துக்கிட்டே இருமுங்க. போன வாரம் ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவரை எழுப்பறதுக்கு ரொம்பப் பாடுபட்டாங்க.”

“எழுந்தாரா?”

“இல்ல. ஆனா துடுப்பு ரெண்டு முறிஞ்சுது.”

வடிவமைப்பு அதிகாரி சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தபோது கடிகாரக்காரரின் கால் வீங்கியிருந்தது. அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

“என்னய்யா இது, வட்டம்?”

“மூலை இருந்தா தண்ணி செத்துடுமாங்க. அதான்...”

“அறிவிருக்கா? செத்த மூலையைக் கண்டுபிடிச்சு ஒழிக்கிறதுதான் இந்தத் துறையோட வேலை. மூலையே இல்லாம குளம் வெட்டுனா நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது? எதை ஒழிக்கிறது? இத்தனை பேர் குடும்பத்தோட இதை நம்பி இருக்கோம். நாலு மூலையாவது வச்சுட்டு வாங்க.”

இந்த இடத்தில் சட்டப் பிரிவு அதிகாரி இன்னொரு நாற்காலியில் உருண்டு வந்து, மூலை என்பது உட்பக்க மூலையா வெளிப்பக்க மூலையா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கருத்து வேறுபாடும் தேங்கக் கூடாது என்பது துறையின் கொள்கை. ஆகவே இருவரும் உடனே கைகலந்தார்கள். நாற்காலிகள் மோதின. சட்டப் பிரிவு வடிவமைப்பின் மூக்கை உடைத்தது. வடிவமைப்பு சட்டப் பிரிவின் காது மடலைக் கடித்துத் துப்பியது. சுற்றி நடந்துகொண்டிருந்த ஜனங்கள் அந்தக் காதை மிதிக்காமல் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் உட்பக்க மூலை என்று முடிவாயிற்று.

“பாத்தீங்களா?” என்றார் வடிவமைப்பு அதிகாரி, வாயைத் துடைத்துக்கொண்டு. “மத்த ஆபீஸா இருந்தா இதுக்குக் கமிட்டி போட்டு வருஷக் கணக்கா இழுத்தடிப்பான். இங்க எதுவும் நிக்காது.”

அவர் வட்டத்தை அடித்துவிட்டு நாலு மூலையை வரைந்தார். அனுமதி முத்திரை என்பது இரும்பாலானது. பியூன் அதை இரண்டு கையாலும் தூக்கி, ஓடும் நாற்காலியில் இருக்கும் காகிதத்தின் மேல் இறக்க வேண்டும். காகிதத்தைப் பிடித்திருக்க வேண்டியது மனுதாரரின் பொறுப்பு. கடிகாரக்காரர் பிடித்திருந்தார். முத்திரை அவருடைய வலது சுட்டுவிரலில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவருக்கே கேட்டது. விரல் நசுங்கினாலும் மை தெளிவாக விழுந்திருந்தது. “அனுமதிக்கப்பட்டது” என்று நகத்தின் மேல் அழகாகப் படிக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி அழுதாள். அழுதபடியே கலக்கினாள். அந்த விரல் இல்லாமல் இடுக்கியைப் பிடிக்க முடியாது. கடையைச் சாத்த வேண்டியதாயிற்று. ஒருவகையில் நல்லதுதான் என்று அவர் சமாதானம் சொன்னார். பகலிலும் கலக்க ஆள் கிடைத்ததே.

ஆள் வைத்துத் தோட்டத்தில் நாலு மூலையோடு குளம் வெட்டி, சிமெண்ட் பூசி, பம்பு வைத்து, தண்ணீர் விட்டார்கள். ஆய்வுக் குழு வந்தது. வந்தவர்கள் தோட்டத்துக்குப் போகவில்லை. முதலில் வீட்டுக்குள் நுழைந்தார்கள். குழுவை நடத்திவந்த மேற்பார்வையாளர் பீரோவைத் தட்டிப் பார்த்தார்.

“இது எத்தனை வருஷமா இங்கயே இருக்கு?”

“கல்யாணத்துல வாங்குனதுங்க.”

“ஐயய்யோ,” என்று மனம் உடைந்து சொன்னார் மேற்பார்வையாளர். பிறகு பீரோவை உடைத்தார்கள். கட்டிலை உடைத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே ஆணியில் தொங்கியதாகத் தெரியவந்ததால் சுவரையும் கொஞ்சம் உடைத்தார்கள். தடுக்கப் போன கடிகாரக்காரரை வெளுத்து வாங்கினார்கள். குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தவர்கள், அங்கே மனைவி எதையும் திரும்பிப் பார்க்காமல் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே மரியாதையாக ஒதுங்கினார்கள்.

“இந்த வீட்டுல உருப்படியான ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா,” என்றார் மேற்பார்வையாளர். கையிலிருந்த துடுப்பைத் தாழ்த்தினார். “என்ன ஒரு மணிக்கட்டு!”

பிறகு குளம். நீர்ச் சுழற்சியை அளக்கத் துறை கையாளும் முறைக்கு மிதவைச் சோதனை என்று பெயர். மிதவை எங்கே போய் நிற்கிறதோ அதுதான் செத்த மூலை. இலை, பந்து, மரக்கட்டை எதுவும் ஆகாது. விதிப்படி மிதவை என்பது சராசரி எடையுள்ள மனிதர். யாரைப் போடலாம் என்று மேற்பார்வையாளர் நோட்டம் விட்டபோது, பக்கத்து வீட்டு வாத்தியார் என்ன சத்தம் என்று பார்க்க மதில் மேலாக எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் மனிதர். சாய்வு நாற்காலியிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்ததாக அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“தேக்கம்!” என்று ஒருவன் கத்தினான். சட்டையைப் பிடித்து மதில் மேலாக இழுத்தார்கள். விலாவில் இரண்டு வைத்தார்கள், மிதவை தன்னிச்சையாக நீந்தக் கூடாதே. பிறகு குளத்தில் எறிந்தார்கள்.

வாத்தியார் சுவரோரமாகக் கொஞ்ச தூரம் போனார். வேப்பமரத்தடி மூலைக்கு வந்ததும் அங்கே மாட்டிக்கொண்டு, தலை சிமெண்டில் டொக் டொக்கென்று மோத, அங்கேயே நின்றார்.

“செத்த மூலை!” என்று மேற்பார்வையாளர் கண் கலங்கக் கூவினார். குழுவினர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மகிழ்ச்சி தாளாமல் ஒருவன் கடிகாரக்காரரின் முதுகில் துடுப்பால் தட்டிக் கொடுத்தான். வாத்தியாரைக் கடிகாரக்காரர்தான் இழுத்து வெளியே போட வேண்டியிருந்தது.

“தம்பி, மீனுக்காகவா இதெல்லாம்?” என்று கேட்டார் வாத்தியார், வாயிலிருந்து ரத்தமும் தண்ணீரும் வழிய. கடிகாரக்காரருக்கு வெட்கத்தில் உயிரே போனது.

தீர்ப்பை மேற்பார்வையாளர் நடந்தபடியே சொன்னார். நாலு மூலையில் ஒன்று செத்திருக்கிறது; கால்வாசிக் குளம் செத்ததற்குச் சமம். எட்டு மூலை வைத்தால் விகிதம் பாதியாகக் குறையும். ஆகவே எட்டு மூலையாக மாற்றிக் கட்ட வேண்டும்.

மாற்றிக் கட்டினார்கள். ஆய்வுக் குழுவினர் திரும்ப வந்தார்கள். இந்த முறை மிதவையாகக் கடிகாரக்காரரையே போட்டார்கள். அவர் மூன்று மூலைகளில் நின்றார். ஒவ்வொரு மூலையில் நின்றபோதும் கரையிலிருந்து துடுப்பால் தள்ளிவிட்டார்கள்; தள்ளியது பெரும்பாலும் மண்டையில். குளம் தோற்றுவிட்டது என்று அறிவித்து, சம்மட்டிகளை இறக்கி, எட்டு மூலைகளையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணால் குளத்தைப் பார்த்தார். மற்றக் கண் வீங்கி மூடியிருந்தது. மூலைகளையெல்லாம் இடித்துத் தள்ளிய பிறகு மிஞ்சியிருந்தது ஒரு வட்டம். கொஞ்சம் கோணல்தான்; ஆனாலும் வட்டம். அவர் இடிபாட்டை அள்ளிக் கொட்டி, உடைந்த விளிம்புக்குச் சிமெண்ட் பூசி, பம்பை மாட்டினார். பைப்பைச் சாய்த்து விட்டார். தண்ணீர் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தது. ஓர் இலையைப் போட்டுப் பார்த்தார். இலை போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் வீங்கிய கண்ணிலிருந்தும் நீர் வந்தது.

ஆனால் கடைசிச் சான்று இல்லாமல் மீனை விட்டால் மீனையும் வைத்தவரையும் சேர்த்து அடித்துக் கொல்லலாம் என்று சட்டம் இருந்தது. சான்று தர வேண்டியவர் இயக்குநர். வெயில் தகித்தது. மனைவியின் மணிக்கட்டு மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கிவிட்டது. மாப்பிள்ளை கலக்கும்போதே மேலே வர ஆரம்பித்தது. கடிகாரக்காரர் மறுபடி துறைக்கு ஓடினார்.

இயக்குநரின் அறை கூடத்தின் நடுவில் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே சக்கரம் இல்லாத ஒரே நாற்காலி அவருடையது. பதவி ஏற்ற நாளிலிருந்து அதை விட்டு எழுந்திருக்காததால் கால்கள் வீங்கி நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்தன. பக்கத்தில் துணை இயக்குநர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் துணை இயக்குநரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பேச்சு தேங்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

“உலகத்துல எல்லாமே சுழலுது,” என்றார் இயக்குநர். அறை விழுந்தது. “காத்து சுழலுது, ரத்தம் சுழலுது, ஜனங்களைப் பாருங்க, எப்படி அழகா சுழலுறாங்க.” அறை. “ஆனா எல்லாரும் சுழலணும்னா நடுவுல ஒருத்தன் அசையாம உக்காந்தே ஆகணும். அந்தக் கஷ்டத்தை ஊருக்காக நான் ஏத்துக்கிட்டேன்.” அறை. “நான் எழுந்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இவன் உக்காந்துடுவான்.” இதற்கு இரண்டு அறை.

“ஐயா, என் மீன்...” என்றார் கடிகாரக்காரர்.

“மீன் செத்தா இன்னொரு மீன் வரும். அதுவும் சுழற்சிதானே?” என்றார் இயக்குநர். பிறகு கடிகாரக்காரரின் நகத்தில் இன்னும் அழியாமல் இருந்த முத்திரையைப் பார்த்து மனம் இளகினார். “சரி. அழகா விழுந்திருக்கு. நானே வர்றேன்.”

நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் மேற்பார்வையாளர், குழுவினர், துடுப்புகள், கன்னம் வீங்கிய துணை இயக்குநர். தோட்டத்தில் இறக்கிவைத்ததும் இயக்குநர் குளத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“மூலைங்க எங்க?”

“நீங்கதாங்க இடிச்சீங்க,” என்றார் கடிகாரக்காரர்.

“நாங்க இடிச்சது செத்த மூலைங்களை. உயிரோட இருந்த மூலைங்க எங்க? ஒளிச்சு வச்சிருக்கீங்க.” அறை. “ஒரு வீட்டுல குளத்துல தேக்கம் இல்லைன்னா அது வேற எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். தேடுங்கடா.”

தேடினார்கள். உடைக்க மிஞ்சியிருந்தது குளியலறை ஒன்றுதான். தொட்டியைக் கரண்டியோடு, கரண்டியைப் பிடித்திருந்த மனைவியோடு சேர்த்துத் தோட்டத்துக்கு இழுத்து வந்தார்கள். இழுத்த வேகத்தில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. மாப்பிள்ளை மீதித் தண்ணீரில் சரிந்து படுத்து வாயைத் திறந்து மூடியது.

“இதோ இருக்கு!” என்றார் இயக்குநர். “இத்தனை வருஷமா ஒரே வீடு. ஒரே தொட்டி. வேலை வெட்டி கிடையாது. இதுதான்யா தேக்கம்.” மேற்பார்வையாளரின் துடுப்பைக் கேட்டு வாங்கி, மீனின் தலைக்கு நேராக ஓங்கினார். ஊருக்காக உட்கார்ந்தே இருந்தவர் உணர்ச்சி வேகத்தில், ஒட்டியிருந்த கால்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்தும் நின்றுவிட்டார்.

மனைவி கரண்டியைக் கீழே போட்டாள். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினாள். எத்தனையோ நாள் தூக்கமில்லாத, எத்தனையோ நாள் கலக்கிக் கலக்கி இறுகிப்போன அந்தக் கையால் இயக்குநரின் பின்மண்டையில் ஒரே அடி.

இயக்குநர் குளத்தில் குப்புற விழுந்தார்.

எல்லோரும் திகைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் துறையில் யாரும் திகைத்து நிற்கக் கூடாது. ஆகவே குளத்தைச் சுற்றி நடந்தபடியே பார்த்தார்கள். இயக்குநர் சுவரோரமாகப் போனார். வேப்பமரத்தடியைத் தாண்டினார். பம்பின் பக்கம் கொஞ்சம் வேகம் குறைந்து, பைப்பிலிருந்து விழும் தண்ணீர் தோளில் பட்டதும் மறுபடி வேகம் பிடித்தார். புறப்பட்ட இடத்துக்கே வந்து, அங்கேயும் நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார். தண்ணீர் மெல்லச் சிவந்து, சிவப்பும் சீராகச் சுற்றிப் பரவியது.

“எங்கயும் நிக்கலை,” என்று மெதுவாகச் சொன்னார் மேற்பார்வையாளர்.

“ஒரு இடத்துலகூட நிக்கலை,” என்றார் துணை இயக்குநர். கன்னத்தைத் தடவிக்கொண்டார். அடுத்த அறை வராததை நம்ப முடியாமல் இன்னொரு முறை தடவிக்கொண்டார். பிறகு காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

“துறையோட சரித்திரத்துல இப்படியொரு மிதவைச் சோதனை நடந்ததில்லை,” என்றார் உட்கார்ந்தவர். “மறைந்த இயக்குநர் உயிரோட இருந்த வரைக்கும் அசையவே இல்லை. அவரையே இந்தக் குளம் சுத்த வச்சிருக்குன்னா இதைவிடச் சுழற்சி வேற என்ன வேணும்? சான்று குடுங்க.” பிறகு மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார். “அம்மா, அந்த அடி! பிசிறே இல்லை. எங்க பசங்க பத்து அடியில செய்யறதை ஒண்ணுல முடிச்சிட்டீங்க. நீங்க வெளியில இருக்கக் கூடாதும்மா. தலைமை ஆய்வாளர் பதவி காலியா இருக்கு.”

“ஐயா, இப்ப அந்தப் பதவியில நான்தானே...” என்றார் மேற்பார்வையாளர்.

“அதான் சொல்றேன், காலியா இருக்கு,” என்றார் புதிய இயக்குநர். மேற்பார்வையாளரின் கன்னத்தில் அறை விழுந்தது.

மனைவி கரண்டியை எடுத்து மறுபடி தொட்டியைக் கலக்கினாள். இயக்குநரை இழுத்துப் போட்டுத் தண்ணீரை மாற்றும் வரை காத்திருந்து, மாப்பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டாள். அது கொஞ்சம் சாய்ந்து கிடந்தது. பிறகு வாலை ஒரு தரம் ஆட்டியது. நேராகியது. ஓடும் தண்ணீரில் இறங்கி மறைந்தது. அவள் கரையிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். யாரும் அவளை அடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தவளை அடிக்காமல் விட்டது அவள் மேலதிகாரி ஆகிவிட்டாள் என்பதற்கு அடையாளம். அதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

புருஷனின் விரல் கோணலாகக் கூடியது, இடுக்கி நிற்கவில்லை. வீட்டில் ஒருவராவது சம்பாதிக்க வேண்டுமே என்று அவள் வேலையில் சேர்ந்தாள். கருநீலச் சீருடை அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. முதல் நாள் வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்தாள். “ரொட்டிக்காரரை நான் அடிக்க வேண்டியதா போச்சுங்க,” என்றாள். அடுத்த வாரம், “நின்னா அடிக்கத்தானே வேணும், அவருக்குத் தெரியாதா?” என்றாள். அதற்கடுத்த வாரம் ரொட்டிக்காரரைப் பற்றிப் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் அவளைக் கண்டால் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து தோட்டத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கடிகாரக்காரரும் வீட்டுக்குள் கொஞ்சம் நடமாட்டமாகவே இருந்துகொண்டார். சாப்பிடும்போது மட்டும் உட்கார அனுமதி இருந்தது. அவள் அன்பாகத்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் மாப்பிள்ளை. சாயங்காலம் வெயில் இறங்கியதும் குளத்தோரம் போய்விடுவார். மாப்பிள்ளை தேறிவிட்டிருந்தது. செதிலில் பளபளப்பு வந்திருந்தது. பைப்புக்குக் கீழே, தண்ணீர் நுரைத்து விழும் இடத்துக்கு எதிரே, நீரோட்டத்தைப் பார்த்தபடி அது அசையாமல் நிற்கும். ஓடி வரும் தண்ணீர் அதன் வாய் வழியாகப் போய்ச் செவுள் வழியாக வெளியே வரும். வால் மட்டும் லேசாக ஆடும். ஆரோக்கியமான மீன் அப்படித்தான் நிற்கும் என்று மீன் கடைக்காரம்மா சொன்னார். இவ்வளவு சுகமாக ஒரு ஜீவன் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஒருநாள் மனைவி வேலை முடிந்து நேரே தோட்டத்துக்கு வந்தாள். கடிகாரக்காரர் அவசரமாக நடக்க ஆரம்பித்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இது எவ்வளவு நேரமா இங்கயே நிக்குது?”

“நிக்கலை, நிக்கலை. இப்பதான் வந்துது. சும்மா மூச்சு வாங்குது.” அவர் குளத்தில் கையை விட்டு மீனின் வாலைத் தள்ளினார். “போ மாப்பிள்ளை. ஒரு சுத்து சுத்திட்டு வா. போடா.”

மாப்பிள்ளை போயிற்று. சுவரோரமாக ஒரு சுற்று வந்தது. பைப்புக்குக் கீழே வந்ததும் நீரோட்டத்தைப் பார்த்து மறுபடி நின்றது.

“இங்கதான் நிக்கும் தினமும்?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“உனக்கு ஞாபகம் இருக்கா, தொட்டியில எப்படிக் கிடந்துது? எப்படிக் கலக்கினே? இப்போ பாரு, சந்தோஷமா இருக்கு. விட்டுடு. நான் நாள் பூரா நடக்கறேன். இதுக்கும் சேர்த்து நான் நடக்கறேன்.”

“எனக்கும் கஷ்டமாத்தாங்க இருக்கு. நானே என் வீட்டுல சலுகை குடுத்தா நாளைக்கு ஊர்ல எவன் நகருவான்?” என்றாள்.

அவர் கையை நீருக்குள் விட்டு மீனை மூடிப் பிடித்துக்கொண்டார். துடுப்பு முதலில் அவர் கையில் விழுந்தது. அவர் அலறிக்கொண்டு கையை இழுத்தார். இரண்டாவது அடி குறி தப்பாமல் விழுந்தது. அடியில் பிசிறே இல்லை.

மாப்பிள்ளை வெள்ளை வயிறு மேலே தெரியத் திரும்பியது. தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு சுவரோரமாகப் போயிற்று. வேப்பமரத்தடியைத் தாண்டி, பம்பைத் தாண்டி, பைப்பின் கீழே வந்தது. அங்கே நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போயிற்று. மனைவி துடுப்பை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

“பாருங்க,” என்றாள், “இப்ப எவ்வளவு நல்லா சுத்துது.”